நிலாவில் இரண்டு புள்ளிகள்

காலையில் பத்து ஊசிகளில் நூல் கோர்த்துக் குத்தி வைத்துவிட்டுத்தான் றம்லா அடுப்படிக்குப் போவாள். அவை தீர்ந்துவிட்டால் அவளுடைய கணவர், தையல்காரர் ஸமத் நானா, கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிடுவார். உக்குவளையில் இது வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை பார்க்க ஊர் நம்பியிருப்பது அவர் கண்களைத்தான். "நானாட கண்ணு பருந்துக் கண்ணு. சந்திரன்ல நடந்தவங்களையே கண்டதாச்சே!" என்பார்கள்.

தையல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆம்ஸ்ட்ரோங்கின் பத்திரிகைப் படம் பழுத்துக் கிடக்கிறது. மனிதன் நிலவில் இறங்கிவிட்டான் என்று ரேடியோ சொன்னபோது ஸமத்துக்கு ஒன்பது வயது. அன்று மாலை தெருவே அண்ணாந்து நின்றது. "ஒண்ணும் தெரியலியே" என்று பெரியவர்கள் முணுமுணுக்க, "அந்தா, ரெண்டு புள்ளி! அசையுது!" என்று அவர் கத்தினார். யாரோ தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் கண்டது வெறும் நிலவைத்தான்.

ஆம்ஸ்ட்ரோங் இறந்த செய்தி வந்த அன்று கடை திறக்கவில்லை. "என்ன நானா, மவுத்தானது உங்கட மச்சானா?" என்று பக்கத்துக் கடை ஹுஸ்னி சீண்டினான். நானா றம்லாவிடம் மட்டும் சொன்னார்: "அங்க நின்ன மனிசன். நான் கண்டேனா இல்லியான்னு மறுமையில யாரும் அவருகிட்டக் கேட்டா?"

"அவருக்கு அங்க வேற வேல இல்லியா?" என்றாள் அவள்.

கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். "நோன்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார். போன வருடம் வேறொருவர் முதலில் பிறையைக் கண்டுவிட்டார். "ஓ, அதேதான்" என்று இவரும் சொல்லித் தப்பினார்.

இந்த வருடம் யாரும் காணவில்லை. பள்ளிவாசல் மேல்மாடியில் நாற்பது பேர். மேற்கு மலைக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகியது. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"நானா, தெரியுதா, செல்லுங்க. கொழும்புப் பெரிய பள்ளி லைன்ல ஈக்குது" என்றான் ஹுஸ்னி, போனைப் பிடித்தபடி.

ஒரு வெள்ளிக்கீற்று தெரியத்தான் செய்தது. ஆனால் இப்போதெல்லாம் தெருவிளக்கைப் பார்த்தாலும், பஸ் விளக்கைப் பார்த்தாலும் ஓரத்தில் அதே கீற்று. பிழையாகச் சொன்னால், நாளை பெருநாளென்று ஊர் முழுவதும் விடும் நோன்பின் பாவம் அவர் கழுத்தில். "அந்தா" என்று நீட்டப் போன கையை இறக்கிக்கொண்டார்.

"நானா?"

அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார். பையிலிருந்து ஒரு முழ நூலை எடுத்தார். ஹுஸ்னியின் கையோடு போனைத் தன் பக்கம் இழுத்து, அதன் வெளிச்சத்தில், நாற்பது பேரும் பார்க்க, நூலை ஊசிக்குக் கொண்டுபோனார். அது ஊசியின் காதுக்கு வெளியே போயிற்று. நாக்கில் நனைத்து மறுபடியும் கொண்டுபோனார்.