ஐந்து சுற்று முன்னால் ஓடியவள்

என் கல்யாண வீடியோ கேசட்டின் மேல் அண்ணன் ஓட்டப்பந்தயத்தைப் பதிவு செய்தான். இருபத்து நாலு வருஷமாக இது எனக்கு ஆறவில்லை. யாரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்றுதான் கேசட்டின் முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. அண்ணன் அந்த ஓட்டையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு வேலையை முடித்திருந்தான். டிவியில் திடீரென்று பந்தயம் போட்டுவிட்டார்களாம், வேறு கேசட் இல்லையாம். கல்யாணத்தில் மிஞ்சியது நாலு நிமிஷம். அதிலும் பாதி நேரம் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள். என் மாமனார் பேசியது போயே போய்விட்டது. அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பட்டறை. அவன் ரேடியேட்டர் ஓட்டைகளைப் பற்றவைத்து அடைப்பான், நான் பாட்டரி பார்ப்பேன்.

அண்ணன் பதிவு செய்தது பெண்களுக்கான மூவாயிரம் மீட்டர், மொத்தம் ஏழரைச் சுற்று. நீல ரிப்பன் கட்டிய ஒருத்தி முதல் ஐந்து சுற்றும் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். கடைசியில் ஆறாவதாக வந்தாள். அதற்குப் பிறகு டிவியில் எப்போது காட்டினாலும் ஜெயித்தவளின் கடைசி இருநூறு மீட்டர்தான். அதில் நீல ரிப்பன் கண்ணிலேயே படமாட்டாள். கேசட் தேய்கிறதே என்று பயந்து, முழுப் பந்தயமும் கிடைக்குமா என்று அண்ணன் டிவிக்காரர்களுக்குக் கடிதம் போட்டான். பழைய டேப்புகளை அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

விடுமுறை நாள் மதியமெல்லாம் அந்த ஓட்டம்தான். வளைவில் திரும்பும்போது அவள் இடது காது மடலை ஒரு தரம் இழுத்துக்கொள்வாள். அவள் இழுப்பதற்கு முன்பே இவன் கை தன் காதுக்குப் போகும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணி சொல்வாள்: "இவருக்கு நான் ரெண்டாந்தாரம்ங்க. மூத்தவ டிவிக்குள்ள இருக்கா."

போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வேன் ஆவி கக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், முன்தலை நரைத்திருந்தது. அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இடது காது மடலை இழுத்துக்கொண்டார். ரேடியேட்டர் அவன் கையிலிருந்து நழுவியது. தொட்டித் தண்ணீர் முழுக்க என் மேல்.

வேன் கிளம்பும்வரை அவன் வாயே திறக்கவில்லை. அந்த நீல ரிப்பன் இவர்தான் என்று பிறகுதான் என்னிடம் சொன்னான். இத்தனை வருஷம் வீட்டையே படுத்தி எடுத்தவன், அந்தம்மா நேரில் வந்ததும் ஊமையாகிவிட்டானே என்று திட்டித் தீர்த்தேன்.

அடுத்த நாள் அதே வேன் திரும்பி வந்தது. ரப்பர் குழாயின் கிளிப்பை முறுக்காமலே அனுப்பியிருக்கிறான். முப்பது வருஷத் தொழிலில் அப்படியொரு தப்பு அவன் செய்து நான் பார்த்ததில்லை. அந்தம்மா சத்தம் போடத் தொடங்குமுன் காரணத்தை நானே போட்டு உடைத்தேன்.



"நான் ஓடினத நான் பாத்ததே இல்ல," என்றார் அந்தம்மா.

அன்று ஓடி முடித்ததும், முட்டாள் மாதிரி முன்னால் ஓடிக் கெடுத்துக்கொண்டாய் என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் திட்டினாராம். அதையே நம்பி, அதோடு ஓட்டத்தை விட்டுவிட்டாராம்.

அண்ணன் கிளிப்பை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் பேசினான். "முட்டாள்தனமெல்லாம் இல்லம்மா. மூணு பேர் உங்கள தாண்டப் பாத்தாங்க. நாலாவது சுத்துல அந்த உயரமான பொண்ணு தோளோட தோள் வந்துருச்சு. நீங்க விடல."

 அந்த ஓட்டத்தைப் பார்க்க முடியுமா என்று அந்தம்மா கேட்டார்.

எங்கள் பிளேயர் எப்போதோ செத்துவிட்டது, கேசட்டிலும் பூஞ்சை. அதைச் சுத்தம் செய்து மாற்றித் தர ஒரு ஸ்டூடியோக்காரர் கிடைக்கவே நாலு மாதம் ஆனது. அதற்குள் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இத்தனை வருஷம் பற்றவைத்த புகை நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பென் டிரைவ் கைக்கு வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போனில் ஏற்றியிருந்ததை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அங்கங்கே கோடு விழுந்திருந்தது, மற்றபடி குறையில்லை. ஐந்தாவது சுற்று முடிந்ததும் போதும் என்று கையைக் காட்டினான்.

அந்தம்மாவை இங்கேயே கூட்டி வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள் என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

"நான் பாத்தாச்சுடா. அவங்கதான் பாக்கல."

மூச்சு வாங்கியது. மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"காலைல குடுக்காத, வண்டி ஓட்டணும் அவங்க. சாயங்காலம் பிள்ளைங்கள எல்லாம் இறக்கி விட்டப்புறம் குடு. குடுத்துட்டுப் பக்கத்துல நிக்காத, வந்துரு. அவங்க தனியா பாக்கட்டும்."