தூக்கி எறியாத எஞ்சின்

"எஞ்சினைத் தூக்கி எறியுங்கோ, தங்கச்சி. வேற ஒண்டு போடுவம்."

குண்டசாலையில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அப்படித்தான் சொன்னார். என் லொறியின் நீலப் புகையை ஒரு நிமிடம் பார்த்ததுதான் அவர் செய்த சோதனை.

என் கணவருக்குக் கண்டியில் வேலை கிடைத்த பிறகு, ஐந்து வருடமாக அந்த லொறியை நான்தான் ஓட்டுகிறேன். தெல்தோட்டைப் பக்கத்துச் சிறு தோட்டங்களில் கொழுந்து ஏற்றித் தேயிலை ஆலைக்குக் கொண்டுபோவது என் தொழில். எஞ்சின் கிழடுதான். ஏற்றத்தில் இழுவை குறைந்திருந்தது, ஒயில் நிறையக் குடித்தது. ஆனால் ஒயில் பிரஷர் ஒருநாளும் இறங்கியதில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்ததில்லை.

"மாத்துறதப் பத்தி அப்புறம் பேசலாங்கண்ணே. மொதல்ல நாலு சிலிண்டர்லயும் அமுக்கத்த அளந்து பாருங்க."

"அளந்தாலும் நான் சொன்னதுதான் வரும்."

"வந்தா நானே கழட்டச் சொல்றேன்."

சிரித்தபடி மீற்றரை எடுத்து வந்தார். நான் சாவியைத் திருகித் திருகி எஞ்சினைச் சுற்றவிட்டேன். மூன்று சிலிண்டர்களில் அமுக்கம் நன்றாகவே இருந்தது. நாலாவதில் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டுப் பார்த்தபோது ஏறியது. அப்படியென்றால் பிஸ்டன் ரிங்தான் தேய்ந்திருக்கிறது. அவர் லொறிக்கு அடியில் படுத்து ஒயில் தொட்டியைக் கழற்றி, கிராங்க் தண்டை நகத்தால் வருடிப் பார்த்தார். கீறல் இல்லை.

"ஓம், இதைத் திருத்தலாம்."

ஆனால் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றியபோதுதான் அது தெரிந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே மெல்லிய வெடிப்பு. தண்ணீர் குறையாததால் தலைப்பகுதி நன்றாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"இப்ப என்ன செய்வம்?" என்றார்.

"கீழ எல்லாம் நல்லாருக்கே. இத மட்டும் வேற தேடுவோம்."

இரண்டு நாள் அலைந்து, கட்டுகஸ்தோட்டையில் பழைய சாமான் கடையொன்றில் பிடித்தோம். வெடிப்பில்லை என்று கடைக்காரர் சோதித்துக் காட்டிய பிறகே வாங்கினேன்.

ரிங்கும் தலைப்பகுதியும் மாற்றி, வேலை முடிந்து முதல் கொழுந்து ஏற்றிய அன்று அவரும் கூடவே வந்தார். ஏற்றம் தொடங்கும் வளைவில், "கியரைக் குறையுங்கோ" என்றார். நான் குறைக்கவில்லை. மூன்றாவது கியரிலேயே லொறி மூட்டைகளோடு சீராக ஏறியது. பின்னால் புகையும் இல்லை.

"சரி, உங்கட பாட்டில ஓட்டுங்கோ" என்று அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.