எத்தனை கதிரை?

மென்சா என்று இங்கே சொல்லும் மாணவர் உணவுச்சாலையில் பருப்பு சூப்புக்கு வினாகிரி ஊற்றுவார்கள். போன வாரம் அந்த மணம் மூக்கில் ஏறியபோது நான் மகளோடு பல்கலைக்கழக அலுவலகத்தின் வாசலில் நின்றிருந்தேன். ரைன் கரையில் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் வம்பு. தூரத்து நாடொன்றில் நடக்கும் போரைப் பற்றி மாணவர்கள் கூடிப் பேச மகள் ஓர் அறை கேட்டிருந்தாள். கருத்துகளின் சமநிலை உறுதிப்படுத்தப்படவில்லை என்று மறுத்துக் கடிதம் வந்துவிட்டது. விண்ணப்பமே ஆறு பக்கம். யார் பேசுவார், என்ன பேசுவார், முன்பு எங்கே என்ன பேசினார் என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, போய் நியாயம் கேட்டால், அங்கிருந்த அம்மா மிக மரியாதையாக இன்னொரு படிவம் தந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அங்கேயே கிழித்திருப்பேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் காலத்தில் என்று நான் தொடங்கினாலே அவள் கண்ணை உருட்டுவாள், நீங்களாவது பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் இதே கட்டடத்தில் அறை வேண்டுமென்றால் ஹவுஸ்மைஸ்டரிடம் போனால் போதும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் கேட்பது ஒரே கேள்வி, எத்தனை கதிரை என்று. சொன்ன கணக்குக்கு நாற்காலிகளை இறக்கி வைப்பார். என்ன பேசப் போகிறோம் என்பது அவருக்கு வேண்டாத சங்கதி. போகும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை தமிழ் மாணவர்கள் அங்கே கூடுவோம். நான் செயலாளர். ஜெர்மன் நண்பர்களும் வருவார்கள். என் முதல் பேச்சின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். உடனே அவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். போதும், இறங்கு என்கிறார்கள் என்று நினைத்துத் தாளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் இவர்களின் கைதட்டல் அதுதான் என்று மறுநாள்தான் தெரிந்தது. அரைவாசிப் பேச்சுக்கு அவ்வளவு பாராட்டு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதன் பிறகு அந்தச் சத்தத்துக்கு அலையத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அறையில் சுமதி அக்காவும் பேச விரும்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பகலில் ஆய்வு, மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுதல். இதே மென்சாவில், இதே சூப்பை ஆறவிட்டு, நான்கு தாள்களை என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கையை வீட்டுக்கு வந்து சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போன கதை என்றார். பிடித்தவர்கள் எதிரிகள் அல்லர், எங்கள் இயக்கத்து ஆட்கள். முதல் வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழுவிடம் ஓடினேன்.

குழுவில் சொன்னது ஊருக்கே சொன்ன மாதிரி. கூட்டத்துக்கு வடை தருகிற கடைக்காரர், கோயில் ஆட்கள் என்று ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். எவரும் மிரட்டவில்லை. ஊரில் சண்டை நடக்கும் நேரத்தில் இது தேவையா, வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் ஊத்தையை அலச வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். குழுவில் ஐந்து பேர். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லுகிற வேலை செயலாளருடையதாம்.

"அக்கா, இப்ப ஏலாது. நிலைமை சரிவரட்டும், பிறகு பாப்பம்."

அவர் கோபப்படவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஓம் தம்பி. ஹவுஸ்மைஸ்டரிட்டைக் கதிரை சொல்லேக்கை ஒண்டைக் குறைச்சுச் சொல்லுங்கோ."

குறைத்துத்தான் சொன்னேன். என் லட்சணம் அது. அந்த மாதம் அவருடைய இடத்தில் நானே பேசினேன்; இலங்கையில் பத்திரிகைக்காரர்களின் வாயை அரசாங்கம் அடைப்பதைப் பற்றி. மேசைகள் அதிர்ந்தன. இந்த முறை எழுந்து நின்று, முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ட்ராமில் திரும்பும்போது ஹவுஸ்மைஸ்டர் கதையை மகளுக்குச் சொல்லிப் பல்கலைக்கழகத்தைத் திட்டித் தீர்த்தேன். சுமதி அக்காவின் கதையைச் சொல்லவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்கட காலத்திலை எல்லாரையும் கதைக்க விட்டனீங்களோ அப்பா?"

அடுத்த தரிப்பில் இறங்க வேண்டும் என்று சொல்லி எழுந்தேன். எங்கள் தரிப்புக்கு இன்னும் இரண்டு இருந்தன.

அந்த ஹவுஸ்மைஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சாவிக்கொத்துப் போய் அட்டை வந்துவிட்டது. எங்கள் அறையை நடுவில் தடுத்து இரண்டாக்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் யாரையாவது திட்டலாம்; திட்டிக்கொண்டும் இருக்கிறேன். சுமதி அக்கா அந்த மாதத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட எனக்கு முகம் இல்லை. அந்த நான்கு தாள்களில் நான் படித்த ஒரே வரி அவருடைய தங்கையின் பெயரோடு தொடங்கியது. ஒரு வாரமாக யோசிக்கிறேன். பெயர் வரவில்லை.