விஜயகலாவின் சீஸ் கிழங்கு

கருமாதிக்கு முதல் நாள் ஜெயம்மா யட்டியாந்தோட்டை பஜாருக்கு இறங்கி, மஷூரின் கடையில் நின்று, ஒருநாளும் வாங்கியிராத ஒரு சாமானைக் கேட்டாள்.

“சீசு இருக்குங்களா மொதலாளி?”

“ஓ, ஈக்கி. டின்னா, வட்டப் பெட்டியா? என்ன, தொரைக்கு விருந்தா?” என்று பகிடி பண்ணியபடி தலையைத் தூக்கிய மஷூர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“கலாவுக்குங்க. படையல்ல வைக்கணும். அவளுக்கு அதுன்னா உசுரு.”

மஷூர் வட்டப் பெட்டியைப் பிரித்து, வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தான். ஒரு தட்டுக்கு இது போதும், முழுப் பெட்டியும் வீண் என்றான்.

ஜெயம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலியும் இல்லை. அந்தச் சீமையிலோ வருஷத்தில் பாதி மழை. வெட்டாத மரத்துக்குக்கூடத் தோட்டம் உரம் போடும். வெட்டாத நாளில் ஜெயம்மா என்ன தின்றாள் என்று எந்தத் துரையும் கேட்டதில்லை. அதனால்தான் பதினாலு வயது மகள் விஜயகலாவை இருளப்பன் கொழும்புக்குக் கூட்டிப்போகக் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. இருளப்பனும் அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தவன்தான். தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளில் வேலைக்குச் சேர்த்துவிடுவது அவன் தொழில்.

“நம்ம தமிழாளுக வீடு அக்கா. சாமி அறையெல்லாம் இருக்கு. பத்தரமா பாத்துக்குவாங்க,” என்றான்.

சாமி அறை ஒன்று இருந்துவிட்டால் அந்த வீட்டு மனிதர்களைப் பற்றி வேறு எதையும் கேட்கத் தேவையில்லை என்று இந்த மக்களைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பாவத்தை எந்தக் கங்கையில் கழுவுவது?

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மஷூர் கடைக்கு மகளின் போன் வரும். ஜெயம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“இன்னைக்கு என்னா சாப்பாடு?”

லயத்தில் சுகம் விசாரிப்பதே அப்படித்தான்.

“சீஸ் கிழங்கும்மா,” என்பாள் விஜயகலா. “கெழங்க அவிச்சு, வட்டமா வெட்டி அடுக்கி, பால ஊத்தி, சீஸ மேல தூவி அவன் அடுப்புல வைக்கிறது. மேல பொன்னாட்டம் பொங்கி வரும். வாசம் ரோட்டு வரைக்கும் போவும்.”

ஜெயம்மா மேடு ஏறி வந்து லயம் முழுக்கச் சொல்லுவாள். “எம் மவ சீசு திங்கிறா!”

“அப்ப இனிமே ஒங்க வீட்டு ரொட்டி அவளுக்கு எறங்காது. தொர மகனாப் பாத்துப் புடிங்க!” என்று பக்கத்துக் காம்பராப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். ஜெயம்மாவுக்கு அந்தக் கிண்டல் இனித்தது. வேலையில்லாத மழை நாளில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முடங்கும்போதும், பிள்ளையாவது வயிறு நிறையத் தின்கிறாள் என்ற நினைப்பு அவளைத் தாங்கியது.

நாட்டுக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வருஷம் விஜயகலாவின் உடலை ஒரு வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். காய்ச்சலாம். குசினி அடுப்பு மூலையில் சுருண்டு கிடந்த பிள்ளைக்கு டாக்டர் வேண்டும் என்று அந்த வீட்டுக்குத் தோன்றியபோது காலம் கடந்துவிட்டது. வேனோடு ஒரு மாலை வந்தது. விசாரணை என்று ஒருவரும் வரவில்லை.

கருமாதியன்று காலையில் ஜெயம்மா தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து பிரேமலதாவைக் கூப்பிட்டிருந்தாள். அதே கொழும்பு வீட்டில் விஜயகலாவோடு வேலை செய்து, கலியாணத்துக்காகத் திரும்பி வந்தவள். அந்தப் பலகாரத்தின் பக்குவம் தெரிந்த ஒரே ஆள்.

பிரேமலதா வேலையில் இறங்கினாள். கிழங்கை அவித்துத் தோலுரித்தாள். மாஜரினில் கொஞ்சம் கோதுமை மாவை வறுத்து, கரைத்த பால்மாவை ஊற்றிக் கட்டி விழாமல் துழாவினாள். காய்ந்த பாண் ரொட்டியை உள்ளங்கையில் தேய்த்துத் தூளாக்கி, பிய்த்த சீஸோடு கிழங்கின் மேல் தூவினாள். லயத்தில் அவன் அடுப்பு ஏது? அலுமினியத் தட்டைப் பெரிய சட்டிக்குள் இறக்கி, மூடி, அடியிலும் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டார்கள்.

வாசம் கிளம்பியது. ஜெயம்மா குனிந்து உட்கார்ந்தாள்.

“ஏன் புள்ள, கலாவுக்கு மேல நல்லா செவந்தா புடிக்குமா, வெள்ளையா இருந்தா புடிக்குமா?”

பிரேமலதா தணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னயத்தான். அவளுக்குப் புடிச்ச மாரி எறக்கணும்ல?”

“தெரியாதுக்கா.”

“ஒரே வீட்டுலதான இருந்தீங்க?”

“அக்கா, சும்மா இருங்கக்கா.”

“சொல்லு.”

“அவ தின்னதில்லக்கா. நானும் தின்னதில்ல. ஆக்குறதுதான் நாங்க.”

ஜெயம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. “போன்ல அவளே சொன்னாளே? நாங் கேப்பேன், அவ சொல்லுவாளே?”

“நீங்க என்னா சாப்பாடுன்னு கேட்டீங்க. அவ அன்னைக்கு ஆக்குனத சொன்னா.” பிரேமலதாவின் மூக்கு நுனி சிவந்தது. “எங்களுக்கு முந்தின நாள் சோறு. ஒருவாட்டி தட்டு ஓரத்துல ஒட்டுனத சுரண்டி வாயில வச்சிட்டா. வீட்டம்மா பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் கழுவப் போடையில அவங்களே தட்டுல தண்ணி ஊத்தித்தான் குடுப்பாங்க.”

மகள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தாய்தான் ஒரு தடவையும் ‘நீ தின்னியா’ என்று கேட்கவில்லை. தின்னாமல் இருப்பாள் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

பிரேமலதா மூடியை எடுத்தாள். மேலே பொன்னாகப் பொங்கியிருந்தது. ஜெயம்மா ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போட்டு அவள் முன் தள்ளினாள்.

“தின்னு.”

“படைக்க முன்னாடியா?”

“தின்னுடி!”

பிரேமலதா ஊதி ஊதி வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணில் நீர் முட்ட, ஏமாந்த குழந்தை மாதிரிக் கேட்டாள்.

“இவ்வளவுதானாக்கா?”

வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் விஜயகலாவின் போட்டோவுக்கு முன்னால் வாழையிலை விரித்தாயிற்று. சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். ஜெயம்மாவின் புருஷன் நல்லையா கற்பூரத்தை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஜெயம்மா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“எங்க அது?” என்றார் நல்லையா.

“அத அவ தின்னதே இல்லையாம். அந்த வீட்டுக்காரங்க தின்னத எம் புள்ளைக்குப் படைக்க மாட்டேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இருளப்பன் சமாதானம் செய்ய எழுந்தான்.

“நேரம் போகுது அக்கா. அவளுக்குப் புடிச்சது வேற எதையாவது வைங்க. ஆத்மா பசியோட போகக் கூடாது.”

“பசியோடதான் போயிட்டாளே.” ஜெயம்மா அழவில்லை. “பதினாலு வயசுல என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் மூணு வருசம் அவ என்னா தின்னா, எது ருசிச்சுச்சு, எது தொண்டையில எறங்கல, எனக்கு ஒன்னுமே தெரியல. நீதான கூட்டிக்கிட்டுப் போன? நீ சொல்லு இருளப்பா. என்னாத்த வைக்க?”

இருளப்பன் தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தான்.

“சொல்லு, ஆக்கி வைக்கிறேன்,” என்றாள் ஜெயம்மா. அவன் வாசலைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் விலகி வழிவிடவில்லை.