பட்டன் தேயாத டயர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள்தான் அதிகம். அப்பாவுக்கு மைசூர் ரயில்வே பணிமனையில் ஸ்டோர் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியின் மேல் கிடக்கும் பழைய போர்வையை எடுத்து மடித்துவைத்துவிட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குப் புறப்படுவார். காய், பூ, வெற்றிலை வாங்கித் திரும்பியதும் வண்டியைத் துடைத்து மறுபடி போர்த்திவிடுவார். காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தன்னை இவ்வளவு பதமாகப் போர்த்தியதில்லை என்பாள் அம்மா.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டை விட்டுக் கிளம்பியதும் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. காய்ப் பையை நான் தூக்கிக்கொள்ள, அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பங்க்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் கன்னடத்தையும் தமிழையும் சரிபாதி கலந்து பேசுகிறவர். டியூபை ஒட்டி மாட்டிய பிறகும் அவர் வண்டியை விடவில்லை. டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்து, "இங்க பாருங்க ஸார்" என்றார். காய்ந்த ஏரியின் தரைபோல ரப்பரில் பொடிப்பொடியாக வெடிப்புகள். கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன. முதல் இரண்டும் டயர் செய்த வாரம், பின் இரண்டும் வருஷம் என்று சொல்லி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய டயர்.

"சத்துஹோய்த்து ஸார்" என்றார். டயர் செத்துப்போய்விட்டதாம்.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து டயர்ப் பட்டன்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் செருகிக் காட்டினார். காசு நன்றாகவே உள்ளே இறங்கியது. "பட்டனப் பாருங்க. புதுசாட்டமே இருக்குது. பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல."

"ஓடினா பட்டன் போகும் ஸார். நின்னா ரப்பர் போகும். அஞ்சு வருஷம் ஆச்சுன்னா அப்பப்போ பாத்துக்கணும். இது கல்லு மாதிரி ஆயிடுச்சு. வெயில்ல ஒண்ணும் தெரியாது. மழை வந்தா, ரோட்டப் பிடிக்காது."

அவர் டயர் விற்கப் பார்க்கிறார் என்று வழியில் அப்பா சொன்னார். வீடு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, "அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு, சும்மா பயப்படுவா" என்றார். அப்பாவைக் கஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேயாத ஒன்றை மாற்றுவது, கிழியாத சட்டையைத் தூக்கியெறிவது போலத்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஹனூரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. மாதேஸ்வரன் மலையில் தேங்காய், கற்பூரம், பொரி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். மலைக்கோயிலில் ஜாத்திரை என்னும் தீபாவளித் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அவருடைய வண்டி எஞ்சின் பிரித்துக் கிடந்ததால், ஜாத்திரை முடியும்வரை அண்ணன் வண்டியைக் கேட்டு வந்திருந்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானே போர்வையை உருவி, சாவியைக் கையில் கொடுத்தார்.

சித்தப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "டயரு எத்தன வருசமாச்சுங்ணா?"

"நல்லாத்தான் இருக்குது. பட்டனே தேயல பாரு."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். எண்களைப் படித்தவள் நான். வாயைத் திறந்தேன், அப்பாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சித்தப்பா இன்னொரு தடவை டயரைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "செரிங்ணா" என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். மாலையில் கொள்ளேகால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டி.நரசிபுரம் தாண்டி ஒரு வளைவில் வண்டி சறுக்கிச் சித்தப்பா விழுந்துவிட்டார். வலப்பக்கக் காரை எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். வழியில் ஒரு முறை அப்பா, யாரிடமும் இல்லாமல், "மலைக்கு அவளையும் பின்னால வெச்சுக்கிட்டுத்தான் போயிருப்பான்" என்றார். அவள் என்றது சித்தியை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்தப்பா பஸ்ஸில் போயிருப்பார். இதை யாரிடம் சொல்லி அழுவது என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். அப்பா கட்டிலருகே போய் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"நாயி ஒண்ணு வலப்பக்கமிருந்து குறுக்க பூந்துருச்சுங்ணா. நாந்தான் பயந்து பிரேக்கப் போட்டுட்டேன். டயரெல்லாம் நல்லாத்தான் புடிச்சுது."

அந்த முகம் தெரியாத நாயை நான் மனதாரக் கும்பிட்டேன். டயரும் இல்லை, நானும் இல்லை, எல்லாம் நாய் செய்த வேலை. நேற்றிலிருந்து இறங்காத சாப்பாடு இறங்கியது. ஆஸ்பத்திரி கேண்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டேன். அப்பா காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜாத்திரைக்குச் சித்தப்பாவின் கடை திறக்கவே இல்லை.

வண்டி ஒரு வேனில் ஏறி மைசூருக்குத் திரும்பி வந்தது. அப்பா அதைச் சரிசெய்து, அதே பங்க்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு டயர்களையும் மாற்றச் சொன்னார். கடைக்காரர் புது டயர்களை எடுத்து வந்தார். மாட்டுவதற்கு முன்னால் அப்பாவே குனிந்து வட்டத்துக்குள் இருந்த எண்களைத் தேடி, என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டுமே இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்தவை. "புது ரப்பர் வழுக்கும் ஸார், முதல் நூறு கிலோமீட்டர் மெதுவா போங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவைப் பார்க்க அப்பாவும் நானும் அந்த வண்டியிலேயே ஹனூருக்குப் போனோம். கடைக்காரர் சொன்ன மெதுவை அப்பா அப்படியே கடைப்பிடித்ததில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. டி.நரசிபுரம் தாண்டி ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் சாலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாயைத்தான் தேடுகிறார் என்று நினைத்து நானும் கரும்புக்குள் எட்டிப் பார்த்தேன்.

சித்தப்பா வீட்டில் எங்களுக்கு இலை போட்டார்கள். வலக்கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கட்டியிருந்ததால் சித்தப்பாவுக்குச் சித்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"நாயி எங்கிருந்துடா வந்துச்சு?"

"இடப்பக்கம், கரும்புக் காட்டுக்குள்ளருந்துங்ணா" என்றார் சித்தப்பா.

எனக்கு ஞாபகசக்தி அதிகம். பள்ளியில் அதற்குப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். "ஆஸ்பத்திரில வலப்பக்கம்னு சொன்னீங்களே சித்தப்பா?" என்றேன்.

சித்தியின் கை பாதியில் நின்றது. சித்தப்பா என்னைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "ரெண்டு நாயி கண்ணு" என்றார்.

அப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். சித்தியிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து, உருண்டை பிடித்து ஊட்டத் தொடங்கினார். சித்தப்பா வெட்கப்பட்டு, "விடுங்ணா" என்றார். அப்பா விடவில்லை. மீசை வைத்த ஒருவர் மீசை வைத்த இன்னொருவருக்குச் சோறு ஊட்டுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்பாவின் கண்கள் ஏன் அப்படிச் சிவந்திருந்தன என்று கேட்டதற்கு, குழம்பில் காரம் என்றாள் சித்தி. குழம்பு காரமாக இல்லை.

மைசூர் திரும்பியதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், சித்தப்பாவுக்கு விழுந்ததிலிருந்து மறதி வந்துவிட்டது, முதலில் ஒரு நாய் என்றார், இப்போது இரண்டு என்கிறார் என்று.

அம்மா கீரையிலிருந்து தலையை எடுக்காமல், "ரெண்டாத்தான் இருக்கும்" என்றாள்.

விழுந்த இடத்தில் இல்லவே இல்லாத அம்மாவுக்கு அது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.