சத்யபிரியாவின் ஒற்றைப் பலகை

சங்ககிரியில் லாரிக்கு வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கும் கந்தவேலின் மனைவி சத்யபிரியா, மோட்டார் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் தண்ணீர்மேல் சறுக்குகிறவள். வலமும் இடமுமாக மிதக்கும் ஆறு பந்துகளை வளைந்து வளைந்து சுற்றிவர வேண்டும். சேலத்தில் நீச்சல் சொல்லித் தருவது வேலை. பூலாம்பட்டியில் தேங்கி நிற்கும் காவிரியில் சறுக்குவதுதான் உயிர். இதைச் சொன்னால் ஊரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். கந்தவேலே பட்டறைக்கு வருகிறவர்களிடம், "தண்ணியில என்னமோ வெளையாட்டுங்க" என்று பேச்சை முடித்துவிடுவான். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

பலகை வாங்கும்போதே வீட்டில் வழக்கு. பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஓர் அளவு பெரிதாக எடுத்தால் நாலு வருசம் உழைக்கும் என்றார்கள். சத்யபிரியா மசியவில்லை. ஏறி நிற்கிறவளின் எடைக்கும் படகின் வேகத்துக்கும் தக்கபடிதான் பலகை. பெரிசு நன்றாக மிதக்கும், திரும்பச் சொன்னால் எருமை மாதிரி யோசிக்கும். பூலாம்பட்டிச் சறுக்குச் சங்கத்தில் கிடந்த பலகைகளில் எல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு, ஒல்லியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

அதைப் பழக்கியதுதான் பெரிய பாடு. பலகைக்கு அடியில் வாலோரம் சின்னத் தகடு ஒன்று நிற்கும். அது ஒரு தாள் கனம் ஏறினாலும் இறங்கினாலும் திருப்பமே மாறிப்போகும். மாதக்கணக்கில் திருகித் திருகி, கடைசியில் பலகை அவள் முழங்கால் நினைத்த இடத்தில் திரும்பியது. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி ஆயுத பூஜை முடிந்த வாரம். தகட்டின் அளவைக் குறித்து வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள், குறிக்கவில்லை.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை கழற்றிக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அந்த வருசம் கந்தவேல் ஆசையாசையாகப் பலகையையும் எடுத்துப் போனான். தகட்டைக் கழற்றிப் புளிபோட்டுத் தேய்த்து, உள்ளே தள்ளி இறுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, குறையொன்றும் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினான். தகடு புது ஐந்து ரூபாய்க் காசு மாதிரி மின்னியது. மாதக்கணக்கில் திருகிய அளவு போயே போயிற்று என்று சத்யபிரியாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சாமி கும்பிட்டவனை என்னவென்று திட்டுவது? பலகையை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் பூலாம்பட்டியில் முதல் பந்திலேயே வால் வழுக்கி விழுந்தாள். கரையில் நின்ற கந்தவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய், "நாந்தான் கெடுத்துப்போட்டனா, புள்ள?" என்றான்.

"ஆமாங்க," என்றாள் சத்யபிரியா. "அழுது என்ன ஆவப்போவுது? டிரைவர் வந்து வண்டி எடதுபக்கம் இழுக்குதுன்னா என்ன பண்ணுவீங்க? அதையே பண்ணுங்க. நான் சொல்றத மட்டும் திருகுங்க."

அவள் போய்வந்து வால் நிற்கவில்லை என்றாள். தகட்டைக் கீழே இறக்கினான். மறுபடி போய்வந்து, இப்போது திரும்பவே மாட்டேன் என்கிறது, பாதி ஏற்றுங்கள் என்றாள். அடுத்த சுற்றில் பலகையின் மூக்கு தண்ணீரைக் குத்தியது. கால் மாட்டும் பூட்ஸைப் பின்னால் ஒரு துளை தள்ளச் சொன்னாள். பட்டறையில் யார் பேச்சையும் கேட்காதவன் எதிர்க்கேள்வி கேட்காமல் திருகினான். பொழுது சாய்வதற்குள் பழைய திருப்பம் வந்துவிட்டது. பழையதைவிட ஒரு பிடி மேல் என்றே அவளுக்குப் பட்டது.

போட்டியில் கயிற்றைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார்கள். கயிறு குட்டையாகக் குட்டையாகப் பந்தைச் சுற்றுவது கடினம். மற்றவர்கள் நாலாம் பந்திலும் ஐந்தாம் பந்திலும் விழுந்த நீளத்தில் சத்யபிரியா ஆறு பந்தையும் சுற்றினாள். அணியில் அவள் பெயர் வந்தது. மார்பு விம்மக் கரையேறினாள். அடக்கத்துக்கு அன்று விடுமுறை.

சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையில் திருப்புளியோடு நின்ற கந்தவேலிடம் இந்த செட்டிங் யாருடையது என்று கேட்டார். சத்யபிரியா துண்டால் தலை துவட்டுவதை நிறுத்தினாள்.

"இவளுதுங்க," என்றான் கந்தவேல். "நான் திருகுனதோட சரி. எது சரின்னு இவளுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நடந்தான். வழியில் யாரோ இது என்னங்க என்று கேட்டார்கள். அவன் நின்று, ஆறு பந்திலிருந்து ஆரம்பித்து, முழுவதையும் சொன்னான்.