பைக்கு ஒரு மீன்

என் தங்கையின் மூத்த மகளை நாங்கள் எல்லோரும் ‘மீனு’ என்றுதான் கூப்பிடுவோம். அது அவள் பெயர் இல்லை. அலங்கார மீன் வளர்த்து விற்கிறாள், அதனால் ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். சித்தப்பாக்கள் இருவரும் சிமெண்ட் லாரி. கட்டிக்கொண்டவனும் பால் வண்டிக்காரன். சக்கரம் சுழன்றால்தான் சோறு என்கிற குடும்பத்தில் இவள் ஒருத்திதான் மொட்டை மாடியில் தொட்டி வைத்தாள். பிறகு கொட்டகை போட்டு, இரண்டு பெண்களுக்கு வேலையும் கொடுத்தாள்.

உள்ளூரில் வியாபாரம் படுத்துவிட்டது. கொட்டகையை மூடிவிடலாம் என்று அவள் மனசு விட்டுப்போயிருந்த நேரத்தில், வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் நம் தமிழ்க்காரர் ஒருவர் கேட்டார்: விமானத்தில் ஒரு தடவை அனுப்பு, உயிரோடு வந்தால் மாதாமாதம் வாங்குகிறேன் என்று.

பெரிய ஜாதி மீன். பையில் கொஞ்சம் தண்ணீர், மிச்சத்துக்கு ஆக்சிஜன், மேலே ரப்பர் பேண்ட். எத்தனை நேரப் பயணம் என்று பார்த்துத்தான் பைக்கு எத்தனை மீன் என்று முடிவு செய்வார்கள். வீடே கூடிக் கணக்குப் போட்டது. ஒன்பதுக்குக் கிளம்பி பதினொன்றரைக்கு இறங்குகிறது, ஆக இரண்டரை மணி நேரம். லாரிக்காரர் கணக்கு வேறு எப்படி இருக்கும்? பைக்கு இரண்டாகக் கட்டினாள்.

விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்கு நானும் போயிருந்தேன். பெட்டியை எடை போட்டவர் சிரித்தார்.

“மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதை ரெண்டரை மணி நேரத்துல போக, அது என்ன ராக்கெட்டாம்மா?”

“புக்கிங் பேப்பர்ல அப்படித்தானே போட்டிருக்கு?” என்றான் புருஷன்காரன்.

“அது அந்த ஊர் மணி. நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னால. பறக்கிறது நாலு மணி நேரம்.”

மீனு விரல்விட்டு எண்ணினாள். அந்தப் பக்கம் இறக்கி, சோதித்து, கடைக்குப் போவதற்குள் காற்று தீர்ந்துவிடும்.

“எல்லாப் பெட்டியையும் பிரிங்க. பைக்கு ஒண்ணுதான்.”

“பாதிய அனுப்பினா அந்த ஆளு கத்துவாருடி!” என்றான் புருஷன்.

“கத்தட்டும். செத்த மீனு கேட்டாரா அவரு? பெரியம்மா, நீங்க ரப்பர் பேண்டை எடுத்துக் குடுங்க.”

வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரும் தண்ணீர் டிரம்மும் இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பையாகப் பிரித்து, ஒரு மீனை டிரம்மில் விட்டு, காற்று நிரப்பிக் கட்டினாள். எடை போட்டவரும் கை கொடுத்தார். கதவு மூடுகிற நேரத்தில்தான் கடைசிப் பெட்டி உள்ளே போனது.

டிரம்மில் மிச்ச மீன்களோடு வீடு திரும்பினோம். சாயங்காலம் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா இது, பாதிதான் வந்திருக்கு?”

“கணக்குல தப்பு பண்ணிட்டேங்க. உங்க ஊர் மணி வேறன்னு தெரியல. நெருக்கி அடைச்சா மூச்சுத் திணறும், அதான் எடுத்துட்டேன்.”

“ஒண்ணுகூட சாகல. மத்தவங்க எண்ணிக்கைய காட்டணும்னு திணிச்சு அனுப்புவாங்க, நான் செத்தத அள்ளிக் கொட்டுவேன். மிச்சத்த அடுத்த விமானத்துல அனுப்பு. மாசாமாசம் உன்கிட்டதான்.”

போனை வைத்தவள் ஆனந்தத்தில் குதிக்கவில்லை. “அந்த டிரம்மைக் கொஞ்சம் நகர்த்துங்க” என்று புருஷனை விரட்டிவிட்டு, மிச்ச மீன்களைப் பிடிக்க முழங்கை வரைக்கும் தண்ணீரில் கையை விட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. என் தங்கை பெற்றவள் அவள்!